கடைசி ஆள்

முன்னால் லுல்வா, வெள்ளைக் குடையோடு.
பின்னால் நான்.
நடுவில் பதினாலு பேர். ஆளுக்கொரு காதில்
நேற்றிரவு நான் சார்ஜ் போட்டு வைத்த கருவி.
வேலை ஒன்றும் கஷ்டமில்லை.
தண்ணீர்ப் பாட்டில் சுமக்க வேண்டும்,
நிற்கும் இடமெல்லாம் தலை எண்ண வேண்டும்,
முஹரக்கின் சந்துகள் யாரையும் விழுங்கிவிடாமல்
கடைசி ஆளாக வந்து சேர வேண்டும்.

"இப்போது நீங்கள் கடலுக்குள் நிற்கிறீர்கள்" என்பாள் லுல்வா,
கார்கள் நிற்கும் மைதானத்தில்.
எல்லோரும் சட்டென்று காலைப் பார்ப்பார்கள்.
மண் கொட்டித் தள்ளிவிட்ட கடல் அது,
எங்கேயோ தூரத்தில் இப்போது.
வாரம் மூன்று தடவை கேட்கிறேன் இதை.
மூன்று தடவையும் நானும் குனிந்து பார்க்கிறேன்.

லுல்வா என்றால் முத்து.
என் பெயரும் முத்து என்றிருந்தால்
இந்த வேலைக்கு எடுப்பாக இருந்திருக்கும்.
பிச்சைக்கனி.
அட்டையில் அச்சடித்தவன் அதை இரண்டாக வெட்டிவிட்டான்.
"கனி என்றால் பணக்காரன், தெரியுமா?"
தொண்டையிலிருந்து சொல்லிக் காட்டிச் சிரித்தாள்.
"முன்பாதிக்கு என்ன அர்த்தம்?"
சொல்லவில்லை.

வணிகர் வீட்டில், கண்ணாடிக்குள் கணக்குப் புத்தகம்.
முழுகுபவனுக்கு முன்பணம்,
அரிசிக்கு, பேரீச்சைக்கு, கல்யாணத்துக்கு.
அவன் கடலோடு போனால்
கடன் மட்டும் கரையேறி மகனிடம் வரும்.
உச்சுக்கொட்டினார்கள், பாவம், அந்தக் காலம் என்று.
ஏஜெண்டுக்கு நான் கட்ட வேண்டிய ஏழாயிரத்தை
ஒரு நொடி நினைத்துக்கொண்டு
தலை எண்ணினேன்.

பதின்மூன்று.

மறுபடி எண்ணினேன். பதின்மூன்றுதான்.
நீலத் தொப்பி சால்வோ இல்லை. சிசிலிக்காரர்.
பூனையைப் பார்த்தாலும், பூத்த சுவரைப் பார்த்தாலும்
"எங்கள் ஊரிலும் இப்படித்தான்" என்பவர்.
ரொட்டிக் கடையில் இல்லை.
அல்வாக் கடையில் இல்லை.
பள்ளிவாசல் குழாயடியில் இல்லை.
வரைபடத்தில் வராத சந்துக்குள் ஓடினேன்.
ஒரு கதவு திறந்திருந்தது.
வாசலில் பதினோரு ஜோடி செருப்பு,
பன்னிரண்டாவதாக ஒரு தோல் ஷூ.

அது என் வீடு.
இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள் குறட்டையில் கிடக்க
என் கட்டிலில் உட்கார்ந்திருந்தார் மனிதர்,
கையில் ஷம்சுல் கொடுத்த டீ.
என்னைக் கண்டதும் உதட்டில் விரல் வைத்தார்.
பிறகு ரகசியமாகக் கேட்டார்:
"இது எத்தனாவது அருங்காட்சியகம்?"

நான் பதில் தேடுவதற்குள்
அவர் கை சுவரைத் தடவிக்கொண்டிருந்தது.
காரை உதிர்ந்த இடத்தில் கடல் கல்.
கல்லுக்குள்,
ஆறு வருஷமாக நான் சட்டை மாட்டும் ஆணிக்கு
இரண்டு விரற்கடை கீழே,
வாய் மூடிய சிப்பி ஒன்று.
"எங்கள் ஊரிலும்..." என்று ஆரம்பித்தார்.
அடுக்குக் கட்டில்களை ஒருமுறை பார்த்தார்.
முடிக்கவில்லை. டீயை முடித்தார்.

லுல்வாவிடம் கழிப்பறை என்று பொய் சொன்னேன்.
பதினாலு.

மாலையில் கருவிகளைத் திரும்ப வாங்கிப் பைக்குள் போட்டேன்.
ஒன்றை அணைக்க மறந்திருக்கிறேன்.
அவளும் மைக்கை அணைக்க மறந்திருக்கிறாள்.
காதில் வைத்தால் லுல்வா,
குடை இல்லாத குரலில்
யாரிடமோ மீன் விலை கேட்கிறாள்,
அதிகம் என்கிறாள், அம்மாவை விசாரிக்கிறாள்,
சாவியைத் தேடுகிறாள்.
அணைத்திருக்கலாம்.
என் சந்து திரும்பும்வரை கேட்டது.
பிறகு இரைச்சல், கடல் மாதிரி.

உள்ளே போய்ச் சட்டையை மாட்டினேன்,
ஆணியில்,
சிப்பியை மறைக்காமல் கொஞ்சம் தள்ளி.