ரிவர்ஸ் இல்லாத வண்டி

எல்கோவில் இன்னும் விடியவில்லை.
ஆரின் மண்டியிட்டுச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டினான்,
இடப்பக்கத்தது வலத்துக்கு, வலப்பக்கத்தது இடத்துக்கு.
இழுகம்பி கழன்றால்
தரையில் மூக்கு குத்துமுன் ஏந்திக்கொள்ளும்.
எல்லாமே அறுந்தால், காருக்குள் பிரேக்கை அழுத்த
ஒரு மெல்லிய ஒயர்.
நான் பின்னால் நின்றேன், கை இரண்டும் கக்கத்தில்.
"இடது?"
எரியுது.
"வலது?"
எரியுது.
"பிரேக், மிர்னா?"
எல்லாம் எரியுது, ஆரின். கிளம்பு.

நாற்பதடி வீடு முன்னால் போக
நாலு சக்கரமும் தரையில் உருள
நியூட்ரலில் வருகிறது எங்கள் சின்னக் கார்.
உள்ளே யாரும் இல்லை.
வளைவுகளில் ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறது,
கேமரா திரையில் அதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.
இழுபட்டுப் போகும் மைல்களை
அதன் மீட்டர் எண்ணுவதில்லை.
டயர் தேய்கிறது, அவ்வளவுதான்.

குறுக்கு வழி என்று சொன்னது நான்.
மூடிக் கிடந்த ஒரு பெட்ரோல் பங்கில் போய் முடிந்தது.
மூன்று பக்கமும் வேலி.

காரைக் கட்டிக்கொண்டு பின்னால் போகக் கூடாது.
பத்தடிகூட.
அதன் முன்சக்கரங்கள் முரண்டி மடங்கும், கம்பி வளையும்.
இது ஆரினுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
தெரிந்ததை எத்தனை குரலில் சொல்ல முடியுமோ
அத்தனை குரலில் சொல்லிக்கொண்டோம்.
நீ சொன்ன வழி.
நீ பார்க்காத பலகை.
அங்கிருந்து டுலூத் வீட்டை விற்றதற்கு,
அங்கிருந்து
படியில் இறங்காது என்று அவன் விட்டுவந்த பியானோவுக்கு.

கழற்றப் போனால் ஊசி வரவில்லை.
வண்டி வளைந்து நின்றதில் மொத்த இழுப்பும்
விரல் தடிமன் இரும்பின்மேல்.
சுத்தியலால் தட்டினான். காலால் உதைத்தான்.
வேலியில் சாய்ந்து ஒரு ஆள்
காபி குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்,
ஒரு யோசனையும் சொல்லாமல். நல்ல மனுஷன்.

நான் போய்க் காரில் உட்கார்ந்தேன்.
குளிர்ந்து கிடந்த சீட்.
முதல் கியர், பாதி கிளட்ச்.
ஓர் அங்குலம் முன்னால் வந்தேன்.
ஒன்றுதான், இரண்டு இல்லை.

ஆடிக்கொண்டிருந்த பல் மாதிரி
கையோடு வந்துவிட்டது.
கிரீஸ் விரல்களில் அதைத் தூக்கிக் காட்டினான்,
சிரிக்கவில்லை.
நானும்தான்.

நெடுஞ்சாலை ஓரத்தில் மறுபடி மாட்டினோம்.
ஊசி, ஊசிக்கு ஊக்கு, சங்கிலி, ஒயர்.
காற்று தொப்பியைக் கொண்டுபோக
இம்முறை அவன் பின்னால் நின்றான்,
பெரிய ஸ்டீயரிங்கில் நான்.
"இடது?"
பதில் இல்லை.
"ஆரின்! இடது?"
"எரியலை."
"வலது?"
"அதுவும்."

விளக்குப் பிளக்கைச் செருகியிருக்கவில்லை.
ரெண்டு பேருமே.
குனிந்து ஏதோ செய்துவிட்டு நிமிர்ந்தான்.
"இப்ப?" என்றேன்.
"இப்ப எரியுது."