ஒரு கோரைத்தண்டின் அகலம்

கிருலப்பனைக் கால்வாயில்
காலை ஆறு மணிக்குக் காற்று இராது.
நேற்றைய பேப்பரை விரித்து
கந்தோர்ச் சட்டையோடு முழங்காலில் நிற்கிறேன்.
பழைய ஐம்பது மில்லிமீற்றர் லென்ஸ்,
தலைகீழாய்ப் பூட்டியது,
வளையம் மட்டும் புறக்கோட்டையில் பேரம் பேசி வாங்கியது.
கூர்மை விழுவது ஒரு நகத்தின் தடிப்புக்குத்தான்.
மூச்சு விட்டால் அதன் கண் போய்விடும்,
விடாவிட்டால் என் கண் இருளும்.

பழம்பாட்டுத் தும்பிகள் தேன் தேடுமாம்.
இது நுளம்பு தின்கிறது,
பொலித்தீன் பை சிக்கிய கோரையில் குந்தி,
முன்னங்காலால் முகத்தைத் துடைத்துத் துடைத்து,
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டவனைப்போல.

ஊசித்தும்பி.
வாலின் கடைசிக் கட்டுகளில் மட்டும் நீலம்,
பேனை எழுதுதா என்று
யாரோ தேய்த்துப் பார்த்ததுபோல.

அரை அங்குலம் நெருங்கினால்
தண்டுக்குப் பின்னால் சுற்றிக்கொள்ளும்.
உடம்பு முழுக்க மறைந்துவிடும், தண்டைவிட ஒல்லி.
கண்கள் மட்டும்
இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று,
வெளியே.
அதற்கு அது தெரியாது.

"மொகத கரன்னே?"
பின்னால் பூட்ஸ்.
கமராவைக் கழுத்திலிருந்து கழற்றிவிட்டேன்,
கேட்கும் முன்பே அடையாள அட்டையையும் எடுத்துவிட்டேன்.
கை தானாகச் செய்கிறது,
பதினேழு வயதில் பழகிய கை.

அவர் அட்டையைப் பார்க்கவில்லை.
திரையைப் பார்த்தார். பெரிதாக்கச் சொன்னார்.
அறுகோணம் அறுகோணமாய்க் கண்,
நடுவில் ஒரு கரும்புள்ளி.
தலையைச் சாய்த்தார். புள்ளி அவரை விடவில்லை.
மற்றப் பக்கம் சாய்த்தார்.
"பத்கூரா" என்றார், தனக்குத்தானே,
விரலால் காற்றில் ஒரு நூலை இழுத்துக் காட்டினார்.
நானும் நூல் கட்டியவன்தான்.
சொல்லவில்லை.
சிங்களத்தில் நூலுக்கு என்ன சொல்
அந்த நேரம் வரவில்லை.

அவர் பாலத்துக்கு ஏறிப் போய்விட்டார்.
அட்டை இன்னும் என் கையில், ஈரமாய்.

எண்பத்து மூன்று படம்.
சிறகு, கோரை, ஒன்றுமில்லை, சிறகு.
கண் விழுந்தது ஒன்றே ஒன்று,
அதை எல்லோருக்கும் அனுப்பினேன்.
எனக்கென்று வைத்தது வேறு:
தண்டு மட்டும் கூர்மை,
நார் நாராய், ஒரு பனித்துளியோடு,
இருபுறமும் கலங்கிய இரண்டு பச்சை உருண்டை.

ஒன்பது மணிக்குக் கணக்குப் பகுதியில்
கணினிக்குப் பின்னால் குனிகிறேன்.
என் காதுகள்
வெளியே தெரியுமென்று நினைக்கிறேன்.