சும்மா ஓடட்டும்

வட்டகொடைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் நடுவில்
தண்டவாளத்தின் குறுக்கே
டர்பன்டைன் மரம்.
விடியக்காலை நாலரைக்கு விழுந்ததாம்,
ஒரு நிரைத் தேயிலையையும்
கையோடு கூட்டிக்கொண்டு.

பதுளை ரயில் நூறு யார் தள்ளி நிற்கிறது.
சன்னலுக்கு மூன்று தலை.
கார்ட் விமலசேன
சிலிப்பர் கட்டைகளைத் தாண்டித் தாண்டி வந்து கேட்கிறார்:
"தவ கொச்சர?"

இன்னும் எவ்வளவு என்று
எனக்கு எப்படித் தெரியும்?
மரத்தைக் கேட்க வேண்டும்,
அதற்குப் பிறகு மெஷினை.

மெஷினுக்கு வயது பதினொன்று.
நேற்று ராத்திரிதான்
மகள் வீசிய பல் பிரஷ்ஷால்
சிலிண்டரைச் சுற்றிய தகட்டு இடுக்கெல்லாம் சுரண்டினேன்.
ஒயிலில் ஊறிய மரத்தூள்
பிண்ணாக்காய்ப் பெயர்ந்தது.
காற்று வராத இடத்தில் சூடு என்ன செய்யும் என்று
எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.
பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில்
எட்டுப் பேரில் ஐந்தாவதாய்ப் படுத்தவன் நான்.

ஐந்து லீற்றர் பெற்றோலுக்கு
இருநூறு மில்லி ஒயில்.
கண்மதிப்பு கிடையாது.
பிள்ளையின் மருந்துப் போத்தலில்
கோடு பார்த்து ஊற்றுவேன்.
பெற்றோல் கியூ காலத்தில் ஒருமுறை
விலைக்குப் பயந்து பாதிதான் ஊற்றினேன்.
அது முந்திய மெஷின்.
பூண்டுலோயாவில் ஒரு பலாவின் பாதியில்
கீச்சென்று கத்தி இறுகியது.
அந்தப் பிஸ்டன் இப்போது வீட்டில்
கரண்ட் பில் பறக்காமல் அழுத்திக்கொண்டிருக்கிறது.

ஆகவே முதலில் கோடரியால்
சேறு அப்பிய பட்டையை உரித்தேன்.
சேறு பல்லைத் தின்னும்,
மழுங்கிய பல் மெஷினைத் தின்னும்.
தேங்காய்ப் பூவாய் விழுந்தால் வெட்டு.
கோதுமை மாவாய்ப் பறந்தால்
அது வெட்டில்லை, தேய்ப்பு.
அமுக்காமல் பிடித்தேன்.
செபஸ்தியான் ஆப்பு அடித்தான்.
முதல் துண்டு. இரண்டாவது துண்டு.

மூன்றாவதில் பாதி போகையில்
குரல் மாறியது.
காதுக்கு முன்னால் கைக்குத்தான் தெரியும் அது.
வாளை வெளியே இழுத்து
விரலை விட்டேன்.
அணைக்கவில்லை.

"ஏய், வெட்டுப்பா!" ஒரு சன்னல்.
"படம் காட்டுறான்." இன்னொரு சன்னல்.
இன்டர்வியூவுக்குப் போகிற சேட்டுக்காரன் ஒருவன்
இறங்கி வந்து மணிக்கூட்டைக் காட்டினான்.
அணைத்தால் விசிறியும் நிற்கும்,
சூடு உள்ளேயே உட்கார்ந்து தின்னும்
என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.
ஒரு விரல் காட்டினேன்.
"ஒரு மணித்தியாலமா!" என்றான்.

விமலசேன தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்தார்
மெஷின் தலையில் ஊற்ற.
எட்டிக் கையைப் பிடித்தேன்.
கொதிக்கிற இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால்
விரியும், மாத்தையா.
போத்தலை வாங்கி நான் குடித்தேன்.

டுப் டுப் என்று சும்மா ஓடியது மெஷின்.
அந்தச் சத்தத்துக்கு அடியில்
மற்றச் சத்தங்கள் திரும்பி வந்தன:
கானில் தண்ணீர்,
மூன்றாம் வகுப்பில் ஒரு கைக்குழந்தை,
மேலே பத்தாம் நம்பர் மலையில்
கொழுந்து ஒடிபடுவது.

அங்கே நிற்கிறாள் பாக்கியநாதி,
என் வீட்டுக்காரி.
முழு மலையும் மரத்தை வேடிக்கை பார்க்க
அவள் கை மட்டும் நிற்கவில்லை.
பதினெட்டுக் கிலோவில் ஒன்று குறைந்தாலும்
அரைப் பேர்.
நேற்று ராத்திரி அவள் நெற்றியைத் தொட்டேன்,
சுட்டது.
"போய் மெஷினைத் துடை" என்றாள்.

மூன்றாவது துண்டு பள்ளத்தில் உருண்டது.
ரயில் ஹோன் அடித்து நகர்ந்தது.
சேட்டுக்காரன் வாசலில் தொங்கியபடி
ஒரு விரல் காட்டிப் போனான்.
நன்றியா நக்கலா, தெரியவில்லை.

"அணைச்சிரு அண்ணே, பெற்றோல் வீண்."
இருக்கட்டும், செபஸ்தியான்.
எண்ணி அறுபது வரட்டும், நீயே அணை.

போத்தலில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது.
எடுத்துக்கொண்டு மலைப்படி ஏறினேன்.
பின்னால் சைலன்சரில் தூறல் விழுந்து
சொய் என்றது.