முழு வாக்கியம் கூடாது

வியாழன், இரண்டாம் பாடவேளை.
நாற்பது நிமிடத்தில் ஒரு கட்டுரை.
உள்ளங்கை அளவில் குறிப்பு அட்டை ஒன்று
கொண்டுவரலாம் என்றார் தமயந்தி டீச்சர்.
முழு வாக்கியம் கூடாது.
பயனிலை கண்ணில் பட்டால் பிடுங்கிவிடுவாராம்.

அதனால் இந்தப் புதன் இரவு,
பகாவ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்,
லியோங் தவுக்கேயின் டோபிக் கடையில்,
சில்லறை மாற்றிக் கொடுக்கும் மேசையில்
பயனிலை இல்லாமல் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தலைப்பு: நாயகன் மருதமுத்துவின் நேர்மை.
முன்னுரை: தராசு, பால் எடை, பெயர்ப் பேரேடு.
கருத்து ஒன்று: வாத்து முட்டை லஞ்சம், மறுப்பு. பக்கம் 38.
கருத்து இரண்டு: மனைவி பேச்சாயியின் வாளியிலும் தண்ணீர்.
அரைக்கூலி வெட்டு, தன் கையாலேயே. பக்கம் 112.
கருத்து மூன்று:

முக்காற்புள்ளி வரைக்கும் வந்துவிட்டேன்.
அதற்கப்புறம் அட்டை வெறும் வெள்ளை.

செம்பனைக் குலை லாரி வளைவில் திரும்புகிறது.
கண்ணாடிக் கதவு பல்லைக் கடிக்கிறது.
‘மூணாவது என்னடி போட்டே?’
கிஷாந்தினியின் செய்தி.
‘கருணை’ என்று தட்டினேன். அழித்தேன்.
மருதமுத்து யாருக்குக் காட்டினார் கருணை?
பேச்சாயி கதை முழுக்கப் பேசுவதே ஒருமுறைதான்.
பக்கம் 113, மேலிருந்து நான்காம் வரி:
‘கணக்கு சரிதான்.’
அவ்வளவுதான். அடுப்பில் ஏதோ கிண்டப் போய்விடுகிறாள்.

இரண்டே சொல். ஆனாலும் முழு வாக்கியம்.
அட்டையில் எழுத முடியாது.

பத்து மணிக்கு நாலாம் எந்திரம்
ஒரு நேப்பாளிக்காரரின் ஆறு வெள்ளியை விழுங்கியது.
விளக்கு எரிந்தது, உருளை அசையவில்லை.
ஆலைச் சட்டைகள் நான்கு, எண்ணெய்க் கறையோடு
கண்ணாடிக்குள் அப்படியே கிடந்தன.
தவுக்கேக்குப் போன் போட்டேன்.
புகார்ப் புத்தகத்தில் என்ன எழுத வேண்டும் என்று
எனக்குத் தெரியும். இருந்தும் கேட்டேன்.
‘சாலா பெலாங்கான்,’ என்றார். வாடிக்கையாளர் தவறு.
இல்லையென்றால் ஆறு வெள்ளி என் சம்பளத்தில் போகும்.

எழுதினேன்.
தேதி, நேரம், எந்திர எண், தவறு யாருடையது.
என் கையெழுத்து எப்போதும் அழகு;
டீச்சரே சொல்லியிருக்கிறார்.

அவர் எட்டிப் பார்த்தார். படிக்கத் தெரிந்திருந்தது.
நான் பேனாவை மூடித் திறந்து மூடினேன்.
‘ஓகே லா, அடிக்,’ என்றார்.
சட்டைகளை வாரி எடுத்து ஐந்தாம் எந்திரத்தில் போட்டார்,
காற்சட்டைப் பைக்குள் கைவிட்டு
ஐம்பது காசுகளாக எண்ணினார்,
இரண்டுமுறை.

அட்டைக்குத் திரும்பினேன்.
தலைப்பை மாற்ற முடியாது, டீச்சர் கொடுத்தது.
கருத்து ஒன்றில் வாத்து முட்டை
அசட்டுத்தனமாக உட்கார்ந்திருந்தது.
கருத்து இரண்டின் ‘நேர்மை’க்குப் பக்கத்தில்
ஒரு கேள்விக்குறி போட்டேன், சின்னதாக.
மூன்றில் இவ்வளவுதான் எழுத வந்தது:
சரிதான். யார் வாய்? யாருக்காக?
எண் 4.

கிஷாந்தினி கேட்டாள், நாலா? மூணு கருத்துதானே?
பதில் போடவில்லை.
டீச்சரிடம் மட்டும் எப்படி விளக்குவது?
பயனிலையாவது இல்லை, பிடுங்க மாட்டார்.

முடிவுரை:
எதிர்ப் பலகையில் அவர் உட்கார்ந்திருக்கிறார்,
மடியில் காலி வாளி.
நான் நிமிர்ந்தால் அவரைத்தான் பார்க்க வேண்டும்.
இன்னும் இருபத்தாறு நிமிடம் என்கிறது
ஐந்தாம் எந்திரம்.