ஒரு ஆள்தானா

விதை கம்பெனி கொடுத்த டைரியில்
தக்காளி ரகங்களுக்குப் பின்னால்
கடைசி இருபது பக்கம் என்னுடையது.
இரண்டு மாவட்டத்து ஓட்டல்கள்,
பத்துக்கு மதிப்பெண்.

தருமபுரி நாலு ரோட்டுப் பக்கம்
மாடியில் ஒரு சைவம்.
பூரி உப்பியே வந்தது, கிழங்கில் இஞ்சி தெரிந்தது.
பில் தட்டில் சோம்பு நமுத்திருந்தது.
ஆறரை.

பாலக்கோட்டில் மண்டிக்கு எதிரே
தகரக் கூரை, பெயர்ப்பலகை கிடையாது.
தக்காளி விலை விழுந்த வாரம்
சாம்பார், ரசம், சட்னி மூன்றும் சிவப்பு.
ஏறிய வாரம் மூன்றிலும் புளி.
ஒளிவுமறைவு இல்லாத கடை. ஏழு.

காரிமங்கலம் தாண்டி
களியும் நாட்டுக்கோழிக் குழம்பும்.
விரலில் ஒட்டாத களி.
நடுவில் குழி பறித்துக் குழம்பு விட்டேன்,
கரை உடையவில்லை.
எட்டு போட்டேன்.
கை கழுவி வந்து அடித்து ஐந்தாக்கினேன்.

குழம்பு மேல் குற்றமில்லை.
உள்ளே நுழைந்ததும் கேட்டார்கள்:
"எத்தனை பேரு?"
ஒண்ணு.
"ஒரு ஆள்தானா?"
என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்
வண்டி நிறுத்திவிட்டு யாராவது வருகிறார்களா என்று.
வெயில்தான் வந்தது.
"ஃபேமிலி ரூம் அந்தப் பக்கம், மேடம்."

ஃபேமிலி ரூம் எல்லா ஊரிலும் ஒன்றே.
எண்ணெய் விரல் துடைத்த திரை,
மூன்றில் நின்றுபோன மின்விசிறி,
யாரோ குழந்தை உதைத்து உதைத்து
கால் ஆடும் மேசை.
ஒரு நாற்காலியில் நான்,
ஒன்றில் ஹெல்மெட்,
ஒன்றில் மாதிரி விதைப் பை.
குடும்பம் நிறைந்துவிட்டது.
குழம்பு கேட்டுக் குரல் கொடுத்தால்
திரை விலக ஐந்து நிமிடம்.
அதற்குள் களி தோல் கட்டிவிடும்.

அன்றைக்கே டைரியில் கோடு கிழித்தேன்.
ருசி, இடம், விலை,
அப்புறம் தலைப்பு வைக்காத நாலாவது கட்டம்.
"கூட யாரும் வரலியா" என்றால் ஒன்று கழியும்.
"பார்சலா கட்டிடட்டுமா" என்றால் இரண்டு.
கேட்காமலே கட்டிக் கொண்டுவந்த
ராயக்கோட்டைக் கடைக்கு
மைனஸில் போயிற்று.

கிருஷ்ணகிரி பழையபேட்டை மெஸ்ஸில்
திம்மராயன் என்று ஒரு சப்ளையர்.
பேர் கேட்டது நான், அவர் எதுவும் கேட்கவில்லை.
ஜன்னல் ஓர மேசையைத் துடைத்து இலை போட்டார்.
"இங்க காத்து வரும்.
பவர் போனாலும் மலை தெரியும்."

உண்மையைச் சொல்லவேண்டும்.
சாம்பாரில் முருங்கைக்காய் நீச்சல் பழகியது,
பருப்பு கரைக்கு வரவே இல்லை.
முட்டைக்கோஸ் காலையிலேயே ஆறிப்போனது.
அப்பளம் வளைந்ததே தவிர நொறுங்கவில்லை.
தொண்ணூறு ரூபாய், அரிசிக்கு மட்டும் சரி.
எதிரே ஒரு கிரானைட் லாரி டிரைவர்
நிமிர்ந்து என்னைப் பார்த்தார்,
ரசத்துக்குத் திரும்பிவிட்டார்.
அவ்வளவுதான்.
கோட்டை மலையில் மேகத்தின் நிழல் ஏறி இறங்க
நாற்பது நிமிடம் சாப்பிட்டேன்.
இலையை எப்போது மடிப்பேன் என்று
பக்கத்தில் யாரும் வந்து நிற்கவில்லை.

ருசி நாலு. விலை ஐந்து.
மொத்தம் ஒன்பது.
கணக்கு உதைக்கிறது. அடிக்கவில்லை.

என் பேச்சை நம்பி
ஓசூர் கிளை கோதண்டராமன்
மனைவி, இரண்டு பிள்ளைகளோடு போயிருக்கிறார்.
ராத்திரியே போன்.
"என்ன மேடம், அதுக்கா ஒன்பது?
அந்த சாம்பார்ல குளிச்சிட்டு வந்திருக்கலாம்."

எங்கே உட்கார்ந்தீர்கள் என்று கேட்டேன்.
"எங்க உக்காந்தா என்ன மேடம்?
சாப்பாட்டப் பத்திப் பேசுங்க."

ரசமாவது பரவாயில்லையா என்றேன்.
"உப்பே இல்ல."
அதை ஒப்புக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை போச்சம்பள்ளி போகும் வழியில்
மறுபடி அங்கேதான்.
உப்பு, கேட்டால் கொடுப்பார்கள்.