கெண்டைக்கால்

இரண்டே முக்காலுக்குத் துள்ளும்.
காலுக்குள் மீன் இருக்கிறது என்று
பெயர் வைத்தவருக்கும் இது வந்திருக்க வேண்டும்.
தூண்டில் இல்லை, தண்ணீர் இல்லை,
தோலுக்கடியில் ஒரு கெண்டை
வாலைச் சுருட்டிக் கல்லாகும்.
பாயில் எழுந்து உட்கார்ந்து
கட்டைவிரலைப் பிடித்து என் பக்கம் இழுப்பேன்.
அணைக்கட்டில் வலை இழுப்பவர்களுக்காவது
கடைசியில் குழம்பு மிஞ்சும்.

கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டி
பெங்களூர் ரோட்டில் இடப்பக்கம் எங்கள் ஓட்டல்.
நான் சாம்பார்ப் பகுதி.
பத்து மணி நேரம் நின்றபடி
தினம் ஏழு மஞ்சள் பூசணி வெட்டுவேன்.
வயிற்றை வழித்து விதையும் நாருமாக
நீல டிரம்மில் போடுவேன்.
பன்றி வளர்க்கும் சென்னப்பன்
சாயங்காலம் வண்டியோடு வந்து அள்ளிப் போவான்.

"சர்க்கரை இல்ல உனக்கு.
வேற என்ன மாத்திரை போடற?"
"ஒண்ணும் இல்லீங்க."
"நெஞ்செரிச்சலுக்கு?"
"அதுங்களா. அது கேஸுக்குங்க.
காலைல வெறும் வயித்துல. நாலு வருஷமா."
டாக்டரம்மா பேனாவை மூடினார்.
திறந்து, ரத்தப் பரிசோதனை என்று எழுதினார்.

மெக்னீசியம் குறைவு.
அந்தப் பெயரைப் பத்தாம் வகுப்பில் பார்த்ததோடு சரி:
இடுக்கியில் பிடித்த ரிப்பன் துண்டு,
சயன்ஸ் சார் பற்ற வைத்ததும்
வகுப்பே வெளுத்தது.
"யாரும் நேராப் பாக்காதீங்க" என்றார்.
நான் நேராகத்தான் பார்த்தேன்.

முதலில் தந்த மாத்திரை விலை குறைவு.
மூன்று நாள் சாம்பாருக்கும் கக்கூஸுக்கும் நடுவில் ஓடினேன்.
வேறு பெயரில் மாற்றித் தந்தார்கள்,
வயிறு பேசாமல் இருந்தது,
பர்ஸ் பேசியது.
புரோட்டா மாஸ்டர் திம்மராயன்,
"எனக்கும் நைட்டுல கால் இழுக்குது, ரெண்டு குடு" என்றார்.
அவருக்குக் கிட்னி கொஞ்சம் மக்கர்.
கேட்டுவிட்டு வாருங்கள் என்றேன்.
தொடவே கூடாது, வெளியேறாமல் உடம்பிலேயே தங்கும் என்றார்களாம்.
அன்றைக்கு மாவை ஓங்கி ஓங்கி அடித்தார்.
புரோட்டா பஞ்சு மாதிரி இருந்தது.

மாத்திரை கொஞ்ச நாளைக்கு,
சாப்பாட்டில் சேர்த்துக்கொள் என்று
டாக்டரம்மா அடுக்க ஆரம்பித்தார்.
கேழ்வரகு என்றதும் சிரித்துவிட்டேன்.
வேப்பனப்பள்ளியில் களி உருட்டி வளர்ந்தவள்,
ஓட்டலில் மிஞ்சிய இட்லியில்
மூன்று வேளையும் முடித்துக்கொண்டிருக்கிறேன்.
கொள்ளு என்றார். கீரை, வேர்க்கடலை, எள்ளு.
"அப்புறம், பூசணி விதை."

சிரிப்பு நின்றது.
ஏழு பூசணி, ஆறு வருஷம்;
கணக்குப் போட்டால் அந்த நீல டிரம்மில்
நான் கொட்டியது ஒரு லாரி.
வரும் வழியில் சூப்பர் மார்க்கெட்டில் ஏறிப் பார்த்தேன்.
கண்ணாடித் தாளுக்குள் பச்சையாக, தோல் உரித்து, கால் கிலோ.
விலையைப் படித்துவிட்டு
இருந்த இடத்திலேயே வைத்தேன்.

இப்போது நாரைப் பிசைந்து கழுவி
பழைய இட்லித் தட்டில் பரப்பி
மொட்டை மாடியில் காய வைக்கிறேன்.
வறுத்துத் தோலோடு மென்றால் பல்லிடுக்கில் சிக்கும்.
பரவாயில்லை.
சென்னப்பன் டிரம்மைக் கிளறிவிட்டுக் கேட்டான்:
"என்னக்கா, வெதையே காணோம்?"
"பன்னிக்கு நைட்டுல கால் இழுத்து நீ பாத்திருக்கியா?"
ரொம்ப நேரம் யோசித்தான்.
"இல்லக்கா."
"அதான்."

கேஸ் மாத்திரையை மாற்றியதா,
இந்த மாத்திரையா, விதையா, களியா,
எதனால் குறைந்தது என்று
டாக்டரம்மாவும் அடித்துச் சொல்லவில்லை.
"பாப்போம்" என்றார்.
போன வாரம் ஒரே ஒரு ராத்திரி துள்ளியது.
மற்ற நாட்களில்
இரண்டே முக்காலுக்கு விழிப்பு மட்டும் வருகிறது.
கை தானாகக் காலைத் தேடிப் போகிறது.
மெத்தென்றிருக்கிறது.
ஓசூர்ப் பக்கம் ஏதோ லாரி
மேட்டில் கியர் மாற்றுகிறது.
அது ஏறி முடிக்கும்வரை
காலை நீட்டாமல் காத்திருக்கிறேன்.