சட்டம்

ஹாமில்டன், பிப்ரவரி.
இரவுப் பணி முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றினால்
எனக்கு முன்பே யாரோ கொண்டுவந்த பனி
மிதியடியில் உருகிக் கிடக்கிறது.

காணாமல் போனது எதுவுமில்லை.
குளியலறைக் குழாய் மட்டும்
நான் மூடுவதைவிட இறுக்கமாய் மூடியிருக்கிறது.
கொடியில் காயும் உள்ளாடைகளை
வந்தவர் பார்த்தாரா என்று
யாரிடம் கேட்பது, எந்த முகத்தோடு?
போலீசில் என்னவென்று சொல்வேன்?
"குழாயை நன்றாக மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள், ஐயா."

மூன்றாம் முறை நான் உள்ளேயே இருந்தேன்,
போர்வைக்குள், காய்ச்சலோடு.
என் பூட்டு
என்னைக் கேட்காமல் இன்னொருவருக்குத் தலையாட்டிய சத்தம்.
வீட்டுக்காரர் ஓரெஸ்ட். எழுபது வயது. கையில் தொப்பி.
"நான் பிறந்த வீடு இது" என்றார்,
மன்னிப்புக்குப் பதிலாக.
"இப்போது நான் தூங்குகிற வீடு" என்றேன்.

மாலையே எழுதினேன், தேதியிட்டு, நகலெடுத்து:
இருபத்து நான்கு மணி நேரம் முன்னதாக,
எழுத்தில், காரணத்தோடு,
காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் நடுவே
எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டு வாருங்கள்.
தீ, வெள்ளம் என்றால் உடைத்துக்கொண்டு வாருங்கள்.
மற்றபடி, வாடகை உங்கள் கைக்கு வந்த பிறகு
கதவின் உள்பக்கம் என்னுடையது.
மறுபடி நடந்தால் வாரியத்தில் பார்ப்போம்.
இப்படிக்கு, ஃபிலோமெனா பச்சேக்கோ, மேல்மாடி.

கை நடுங்கியது.
இந்த ஊரில் பிப்ரவரியில் வீடு தேடியவள் நான்.

பத்து நாள் ஒன்றுமில்லை. பிறகு
கதவடியில் ஒரு கோடு போட்ட தாள், பென்சில் எழுத்து.
வியாழன், காலை பதினொன்று.
காரணம்: சமையலறைக் கதவுச் சட்டத்தைப் பரிசோதிக்க.

அதில் பரிசோதிக்க என்ன இருக்கிறது?
குனிந்து பார்த்தேன்.
வெள்ளைப் பூச்சுக்கு அடியில்
கத்தியால் கீறிய கோடுகள், உயர உயர.
'ஓ' என்று ஒன்பது.
'லெ' என்று நான்கு.
அதற்குமேல் லெ வளரவில்லை.

வியாழன் பதினொன்றுக்குத் தட்டினார்.
கதவருகிலேயே நின்றிருந்தும்
இரண்டாம் தட்டலுக்குக் காத்திருந்தேன்.
அந்தச் சத்தத்துக்கு
எத்தனை மாத வாடகை கொடுத்திருக்கிறேன்!
பிறகு திறந்தேன்.
அவர் பூட்ஸை வெளியே கழற்றி வைத்தார்.
டார்ச் இல்லை, அளவு நாடா இல்லை.
சட்டத்தின் முன் மண்டியிட்டுப்
பத்து நிமிடம் பரிசோதித்தார்.

நான் முதுகைக் காட்டிக்கொண்டு
கழுவிய கோப்பைகளையே மறுபடி கழுவினேன்.
குழாயை என் வழக்கப்படி
கொஞ்சம் தளர்வாக மூடினேன்.